வாசகர் கேள்வி–பதில்: துணைக் கேள்வியில் தெரியும் வேட்பாளர்

அதிபர் தேர்தலில் நிற்பவர் தம் கொள்கைகளை எந்த அளவுக்கு அறிந்திருக்க வேண்டும், அவற்றை மக்களுக்கு எப்படி விளக்க வேண்டும் என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த இதழில் அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கா, பிரான்ஸ், இலங்கை போல மக்களின் வாக்கைப் பெற்று வந்து நிர்வாகத்தையும் தாமே நடத்தும் பதவியைத்தான் இங்கே அதிபர் பதவி என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: பொருளாதாரம், பாதுகாப்பு, சுகாதாரம் என ஒவ்வொரு துறைக்கும் அதிபருக்கு ஆலோசகர்களும் அமைச்சர்களும் இருக்கிறார்கள். வேட்பாளரே எல்லா விவரங்களையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பதில்: எல்லா விவரங்களையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை, எந்த மனிதராலும் அது முடியாது. ஆனால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்பதையே பதிலாகச் சொல்லும்போது ஒன்று மறந்துபோகிறது. ஆலோசகர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. சமமான அறிவும் அனுபவமும் உள்ள இருவர் எதிரெதிரான யோசனைகளைக் கொண்டுவந்து மேசைமீது வைக்கும்போது, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அதிபரின் வேலை. எளிதில் முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள் கீழ்நிலையிலேயே முடிந்துவிடும். முடியாதவை மட்டுமே அதிபரிடம் வந்து சேரும். தம் கொள்கை எதன்மீது நிற்கிறது என்று புரியாதவர், அந்த நேரத்தில் கடைசியாகப் பேசியவரின் பக்கம் சாய்ந்துவிடுவார்.

ஆகவே, ஒரு வேட்பாளர் தாமே முன்வைக்கும் திட்டத்தைப் பற்றியாவது சிலவற்றைத் தயக்கமில்லாமல் சொல்ல முடிய வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று உள்ள நிலையில் எது மாறும், அதற்கான பணம் எங்கிருந்து வரும், அதனால் யாருக்கு இழப்பு, சட்டமன்றத்தில் யாருடைய ஒப்புதல் தேவை, கணக்குத் தவறினால் திரும்பி வர வழி உண்டா என்பவை அவை. இவற்றுக்குப் பொருளாதார நிபுணராக இருக்க வேண்டியதில்லை; தாம் சொன்னதைத் தாமே ஒருமுறை முழுதாக யோசித்துப் பார்த்திருந்தால் போதும்.

நாடாளுமன்ற நடைமுறையில் ‘துணைக் கேள்வி’ என்று ஒன்று உண்டு. முதல் கேள்விக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் வாசிப்பார்; அதையொட்டி எழும் துணைக் கேள்விக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். அவர் துறையைக் கற்றிருக்கிறாரா, காகிதத்தைக் கற்றிருக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும். அதிபர் வேட்பாளர்களுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். 1972இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட ஜார்ஜ் மெக்கவர்ன், நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் வழங்கும் யோசனையை முன்வைத்தார். வறுமையை ஒழிக்க அது பரிசீலிக்கத் தகுந்த யோசனைதான். ஆனால் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வுக்கு முன்னர், போட்டியாளர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியுடன் நடந்த விவாதத்தில், இதற்கு மொத்தம் எவ்வளவு செலவாகும் என்ற இயல்பான துணைக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாமல் அவர் திணறினார். வேட்பாளராகத் தேர்வான பிறகு, பிரச்சாரத்தின் நடுவிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. ஒரு நல்ல யோசனை, அதைக் கொண்டுவந்தவரின் ஆயத்தக் குறைவாலேயே பல ஆண்டுகளுக்கு ஏளனத்துக்கு உள்ளானது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

கேள்வி: வேட்பாளரிடம் திடீரென்று ஒரு நாட்டுத் தலைவரின் பெயரையோ ஒரு புள்ளிவிவரத்தையோ கேட்டு, தெரியவில்லை என்றதும் அதைப் பெரிய செய்தியாக்குகிறார்கள். இது அறிவைச் சோதிப்பதா, அவமானப்படுத்துவதா?

பதில்: பெரும்பாலும் அது நினைவாற்றல் சோதனைதான். 1999ஆம் ஆண்டு நவம்பரில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் செச்சன்யா, தைவான், இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றின் தலைவர்கள் யார் என்று கேட்டார். புஷ்ஷால் தைவான் தலைவரின் பெயரை மட்டும், அதுவும் பாதியளவில், சொல்ல முடிந்தது. நாடெங்கும் அது பேச்சாயிற்று. ஆனால் பாகிஸ்தானில் ஒரு மாதத்துக்கு முன்புதான் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது; அது குறித்து அவர் என்ன நினைக்கிறார் என்பதல்லவா பெயரைவிட முக்கியமான விஷயம்?

இத்தகைய கேள்வியை எப்படி எதிர்கொள்ளலாம் என்பதற்குப் பிரான்சில் ஓர் உதாரணம் உண்டு. 1981 மே மாதத் தொலைக்காட்சி விவாதத்தில், அன்றைய அதிபர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன், எதிர்த்து நின்ற பிரான்சுவா மித்தரானிடம், ஜெர்மன் மார்க்குக்கு எதிராக பிராங்கின் அன்றைய மதிப்பு என்ன என்று கேட்டார். நான் உங்கள் மாணவன் இல்லை; இந்த இடத்தில் நீங்களும் அதிபர் இல்லை, என்னுடன் வாதிடுபவர் மட்டுமே என்ற பொருளில் மித்தரான் பதிலளித்தார்; பிறகு அந்த எண்ணையும் சொன்னார். சில நாட்களில் தேர்தலிலும் வென்றார். அவர் கோபப்பட்டதைவிட, கோபத்துக்குப் பின்னால் பதிலும் இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நினைவு தவறுவதையும் அறியாமல் இருப்பதையும் பிரித்துப் பார்க்க இன்னொரு நிகழ்வு உதவும். 2011 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்தில் டெக்ஸஸ் ஆளுநர் ரிக் பெரி, தாம் அதிபரானால் மூன்று அரசுத் துறைகளை இழுத்து மூடுவதாகச் சொன்னார். வணிகம், கல்வி என்று இரண்டைச் சொன்னவருக்கு மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. கேமராக்களின் முன் அவர் தடுமாறிய அந்தச் சில விநாடிகளை உலகமே பார்த்தது; அவருடைய பிரச்சாரம் அதிலிருந்து மீளவில்லை. மேடையில் ஒரு பெயர் நழுவுவது யாருக்கும் நேரக்கூடியது என்பதால் அதற்காக அவரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. உண்மையான குறை ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்பட்டது. அவர் மறந்த மூன்றாவது துறை எரிசக்தித் துறை. 2017 ஜனவரியில் அதே துறையின் அமைச்சர் பதவிக்கு அவர் நியமிக்கப்பட்டு, செனட் குழுவின் முன் விசாரணைக்கு வந்தபோது, அத்துறையின் முக்கியப் பணிகளைப் பற்றித் தமக்கு விளக்கப்பட்ட பிறகு அதை மூடச் சொன்னதற்கு வருந்துவதாக ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் அணு ஆயுத இருப்பைப் பராமரிப்பது அந்தத் துறைதான். அந்தத் துறை இல்லாவிட்டால் அந்தப் பணியை யார் பார்ப்பார்கள் என்று 2011இல் ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், மூன்று பெயர்களையும் அவர் சரியாக ஒப்பித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. வருத்தத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னது பாராட்டத்தக்கது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: உண்மையைச் சொன்ன வேட்பாளர்கள் தோற்றுத்தானே போயிருக்கிறார்கள்? வரியை உயர்த்துவேன் என்று சொல்லிவிட்டு யாராவது ஜெயிக்க முடியுமா? இதை அறிந்த வேட்பாளர் ஏன் விளக்கம் தர வேண்டும்?

பதில்: நீங்கள் மனதில் வைத்திருப்பது 1984 தேர்தலாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வால்டர் மாண்டேல், வரியை ரீகனும் உயர்த்துவார், நானும் உயர்த்துவேன். அவர் அதை உங்களிடம் சொல்லமாட்டார், நான் இப்போது சொல்லிவிட்டேன் என்று அறிவித்தார். நவம்பரில் அவர் 50 மாநிலங்களில் 49ஐ இழந்தார். இந்தத் தோல்வியை மேற்கோள் காட்டித்தான் எல்லா நாட்டு அரசியல் ஆலோசகர்களும் தங்கள் வேட்பாளர்களை வாயடைக்கச் செய்கிறார்கள்.

அந்த முடிவை நான் அப்படியே ஏற்பதில்லை. அந்த ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பதவியில் இருப்பவரை அப்போது வீழ்த்துவது எவருக்கும் கடினம். மேலும், வரி உயரும் என்பதை மாண்டேல் துணிச்சலாகச் சொன்னாரே தவிர, அரசின் வரவு செலவுப் பற்றாக்குறை நீடித்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும், வரி கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை அதே அழுத்தத்துடன் மக்கள் மனதில் பதியவைக்கவில்லை. விலையை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளைக் காட்டாமல் போனார்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி எதுவும் கிடையாது என்று மாநாட்டு மேடையில் முழங்கினார், வென்றார். 1990இல் பற்றாக்குறையைச் சமாளிக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டு வரியை உயர்த்த வேண்டியதாயிற்று. பொருளாதார நோக்கில் அது பொறுப்பான முடிவு என்று பலர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள்; ஆனால் தாம் கொடுத்த நிபந்தனையற்ற வாக்குறுதி 1992 முழுவதும் அவரைத் துரத்தியது. போர் மூண்டாலோ பொருளாதாரம் சரிந்தாலோ ஒழிய வரியை உயர்த்தமாட்டேன் என்று 1988இல் அவர் ஒரு வரி சேர்த்திருந்தால், கைதட்டல் குறைந்திருக்கும். ஆட்சி நடத்த இடம் இருந்திருக்கும்.

நடுவழியாக மழுப்பப் பார்ப்பதும் ஆபத்தானது. 2019இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட எலிசபெத் வாரன், விரிவான திட்டங்களுக்குப் பெயர் பெற்றவர். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்துக்காக நடுத்தர வர்க்கத்தின் வரி உயருமா என்று அக்டோபர் மாத விவாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டபோது, மொத்தச் செலவு குறையும் என்று மட்டுமே சொன்னார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அதே மேடையில், அதே திட்டத்தை ஆதரித்த பெர்னி சாண்டர்ஸ், வரி உயரும், ஆனால் காப்பீட்டுக் கட்டணம் இல்லாமல் போவதால் பெரும்பாலானோருக்கு மிச்சமாகும் என்று நேராகச் சொன்னார். வாரன் நவம்பர் தொடக்கத்தில், பத்தாண்டுகளில் 20.5 லட்சம் கோடி டாலர் கூடுதல் செலவுக்கான நிதி விவரங்களை வெளியிட்டார். அந்த ஆவணத்தின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் விவாத மேடையில் அவரிடம் கேட்கப்பட்டது ஓர் எளிய கேள்வி; அங்கே அவர் தயங்கியதைத்தான் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: தேர்தல் அறிக்கையில் எழுதியதை வென்ற பிறகு யார் பார்க்கிறார்கள்? வேட்பாளர் கொள்கையை விளக்கினால் என்ன, விளக்காவிட்டால் என்ன?

பதில்: இந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் விளக்கம் கேட்காமல் விட்டதற்கு ஒரு நாடு கொடுத்த விலையை அண்மையில் கண்ணெதிரே பார்த்தோம்.

2019 நவம்பரில் நடந்த இலங்கை அதிபர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பெரிய வரிக்குறைப்பை வாக்குறுதியாக அளித்தார். அரசின் வருவாய் ஏற்கெனவே குறைவு, வெளிநாட்டுக் கடன் அதிகம்; இந்த நிலையில் இவ்வளவு வரியைக் குறைத்தால் நாடு திவாலாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். இழக்கும் வருவாயை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்பது இயல்பாக எழுந்திருக்க வேண்டிய துணைக் கேள்வி. பிரச்சாரக் காலத்தில் அதற்கு நம்பத்தகுந்த பதில் வரவில்லை. தேர்தல் முடிந்து சில வாரங்களிலேயே, டிசம்பர் 1 முதல், மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வேறு சில வரிகள் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. சுற்றுலா வருவாய் நின்றது. எதிர்பாராத அடி ஒன்று விழுந்தால் தாங்குவதற்கான இடமே கருவூலத்தில் இல்லாமல் போயிருந்தது.

உரத்தின் கதை இன்னும் துயரமானது. பத்தாண்டுகளில் நாட்டின் வேளாண்மையை இயற்கை உரத்துக்கு மாற்றுவோம் என்று அவருடைய தேர்தல் அறிக்கை சொல்லியிருந்தது. பத்தாண்டு என்பது விவாதிக்கத் தக்க கால அளவு. ஆனால் 2021 மே மாதத்தில் வேதியியல் உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. உழவர்களுக்குப் போதுமான இயற்கை உரம் கையில் இல்லை, பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை உற்பத்தி அடிவாங்கியது, அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டபோது ஒரு பருவம் கைவிட்டுப் போயிருந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஜூலையில் அதிபர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார்.

இத்தனைக்கும் இந்த ஒரு தேர்தலே காரணம் என்று சொல்லமாட்டேன். கடன் சுமை பல அரசுகள் சேர்த்து வைத்தது. ஆனால், பத்தாண்டுத் திட்டத்தின் முதலாண்டில் என்ன செய்வீர்கள், விளைச்சல் குறைந்தால் உழவருக்கு யார் ஈடு கொடுப்பார்கள் என்று 2019இல் மேடைதோறும் கேட்டிருந்தால், குறைந்தது அதைப் பற்றி யோசிக்கும் கட்டாயமாவது அவருக்கு ஏற்பட்டிருக்கும். வேட்பாளர் வாக்காளருக்குத் தரும் விளக்கம் அவருக்கே ஓர் ஒத்திகை. தம் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லி, பிறர் எழுப்பும் ஐயங்களுக்குப் பதில் தேடும்போதுதான் அதிலுள்ள ஓட்டைகள் அவர் கண்ணுக்கே தென்படும்.

கேள்வி: கொள்கை விளக்கம் என்றாலே சாதாரண மக்களுக்குக் கொட்டாவி வருகிறது. புள்ளிவிவரங்களை அடுக்குபவரைவிட, உணர்ச்சியோடு பேசுபவரைத்தானே மக்கள் விரும்புகிறார்கள்?

பதில்: மக்களுக்குக் கேட்கப் பொறுமையில்லை என்பதை நான் நம்புவதில்லை. 1992 அமெரிக்கத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ, தம் சொந்தப் பணத்தில் அரை மணி நேரத் தொலைக்காட்சி நேரத்தை விலைக்கு வாங்கி, கையில் ஒரு குச்சியும் சில வரைபட அட்டைகளுமாக உட்கார்ந்து நாட்டின் கடனை விளக்கினார். இசையில்லை, கண்கவர் காட்சியில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். கட்சி எதுவும் இல்லாத அவர் ஏறக்குறைய 19 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். தங்களை அறிவுள்ளவர்களாக மதித்து ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் மக்கள் கேட்பார்கள்.

அதே தேர்தலின் இன்னொரு காட்சியும் நினைவுகூரத் தக்கது. ரிச்மண்ட் நகரில் பொதுமக்களே கேள்வி கேட்ட விவாதத்தில் ஒரு பெண், தேசியக் கடன் உங்கள் ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கையையும் எப்படிப் பாதித்திருக்கிறது என்று வேட்பாளர்களைக் கேட்டார். கடன் என்று அவர் சொன்னது பொருளாதார மந்தத்தைத்தான். அதிபர் புஷ்ஷுக்குக் கேள்வி பிடிபடவில்லை. அதை ஒப்புக்கொண்டு தடுமாறினார். பில் கிளின்டன் எழுந்து அந்தப் பெண்ணின் அருகே நடந்து சென்று, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். பிறகு தம் மாநிலத்தில் மூடப்பட்ட ஆலைகளையும் வேலையிழந்தவர்களையும் பற்றிச் சொல்லி, அங்கிருந்து தம் கொள்கைக்கு வந்தார். கொள்கையை அறிவது என்பதில், அது யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்று அறிவதும் அடங்கும்.

ஆனால் இதே கிளின்டனின் கதை அத்துடன் முடியவில்லை. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தருவேன் என்று பிரச்சாரத்தில் சொன்ன அவர், எப்படித் தருவேன் என்பதை வென்ற பிறகே முழுதாக வகுத்தார். ஹிலாரி கிளின்டன் தலைமையிலான குழு மூடிய அறைகளில் உழைத்து உருவாக்கிய சட்ட முன்வரைவு 1,342 பக்கங்களுக்கு நீண்டது. 1993 செப்டம்பரில் காங்கிரஸின் முன் அதை அறிவித்தபோது, உரையைக் காட்டும் திரையில் தவறுதலாகப் பழைய உரை ஓடியது. சரிசெய்யப்படும்வரை சில நிமிடங்கள் அவர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் பேசினார். அந்த அளவுக்குத் திட்டம் அவர் மனதில் இருந்தது. ஆயினும், என் மருத்துவர் மாறுவாரா, நான் கட்டும் தொகை கூடுமா என்று கேட்ட குடும்பத்துக்கு 1,342 பக்கங்களை நாலு வாக்கியத்தில் சொல்ல எவராலும் முடியவில்லை. அந்த இடைவெளியில் காப்பீட்டு நிறுவனங்களின் விளம்பரங்கள் நுழைந்தன. ஓராண்டில் திட்டம் வாக்கெடுப்புக்கே வராமல் கைவிடப்பட்டது. நாலு வாக்கியத்தில் சொல்ல முடியாத திட்டத்தில் சொல்பவரின் திறமையைவிடத் திட்டத்தின் அமைப்பில்தான் கோளாறு இருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

கேள்வி: இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லச் சொல்லும் தொலைக்காட்சி விவாதத்தில் எந்தக் கொள்கையைத்தான் விளக்க முடியும்?

பதில்: குறை நியாயமானது. 1858இல் செனட் பதவிக்காக ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் இல்லினாய் மாநிலத்தின் ஏழு ஊர்களில் வாதிட்டபோது, முதலில் பேசியவருக்கு 60 நிமிடம், மறுத்தவருக்கு 90 நிமிடம், மீண்டும் முதலாமவருக்கு 30 நிமிடம் என்று ஒதுக்கப்பட்டது. அந்த அளவுக்குத் திரும்ப முடியாது. ஆனால் பிரான்சில் இன்றும் இறுதிச் சுற்று வேட்பாளர்கள் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாதிடுகிறார்கள். நெறியாளரைவிட எதிராளிதான் துணைக் கேள்வி கேட்கிறார். 2017இல் மரீன் லெ பென்னுக்கு அந்த நீளமே சோதனையாயிற்று. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் விற்பனை விவகாரங்களை அவர் ஒன்றாகக் குழப்பினார். யூரோவை விட்டு வெளியேறும் திட்டத்தை இம்மானுவேல் மக்ரோன் துருவித் துருவிக் கேட்டபோது, எந்தப் பணம் எங்கே செல்லும் என்பதைத் தெளிவாக்க முடியவில்லை. அந்த விவாதம் தமக்குச் சரியாக அமையவில்லை என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். யூரோவை விட்டு வெளியேறும் கொள்கையை அவருடைய கட்சியும் பிறகு கைவிட்டது. இரண்டு நிமிடப் பதில்கள் மட்டும் கேட்கப்பட்டிருந்தால், அந்தக் கொள்கை அவ்வளவு விரைவில் சோதனைக்கு உள்ளாகியிருக்காது.

கேள்வி: பிரச்சாரத்தில் ஒன்றைச் சொல்லி, பதவிக்கு வந்ததும் வேறொன்றைச் செய்வதை ஏமாற்று என்றுதானே சொல்ல வேண்டும்?

பதில்: எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. 2008இல் பராக் ஒபாமா, காப்பீடு எடுப்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கக் கூடாது என்று ஹிலாரி கிளின்டனுடன் வாதிட்டார். கட்டாயமில்லாமல் திட்டம் நிற்காது என்றார் ஹிலாரி. 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் அந்தக் கட்டாயம் இடம்பெற்றது. நோயுற்றவர்கள் மட்டும் சேர்ந்தால் காப்பீட்டின் கணக்கு நிற்காது என்ற வாதத்தை அவர் பின்னர் ஏற்றுக்கொண்டார். காரணம் சொல்லி மனம் மாறியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே சட்டத்தைப் பற்றி, இப்போதுள்ள காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் விதிவிலக்கில்லாமல் உறுதியளித்தது வேறு வகை. 2013இல் லட்சக்கணக்கானோருக்குக் காப்பீடு ரத்தாகும் கடிதங்கள் வந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். விதிவிலக்குகள் இருக்கும் என்பது சட்டத்தின் அமைப்பிலேயே தெரிந்த விஷயம். பெரும்பாலானோருக்கு என்ற ஒரு சொல்லைச் சேர்க்க மனமில்லாமல் போனதுதான் தவறு.

கேள்வி: பாதுகாப்பு, வெளியுறவு விஷயங்களில் எல்லாவற்றையும் மேடையில் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது; அதற்கு நாம் இடம் கொடுத்தாக வேண்டும். 1960 அமெரிக்கத் தேர்தலில், கியூபாவின் ஆட்சியாளர் காஸ்ட்ரோவை எதிர்க்கும் கியூபர்களுக்கு உதவ வேண்டும் என்று வேட்பாளர் கென்னடி பேசியபோது, அரசு ரகசியமாக அதே ஏற்பாட்டில் இறங்கியிருந்ததை அறிந்தவரும் அவரை எதிர்த்து நின்றவருமான துணை அதிபர் நிக்சன், அதை மறைக்க வேண்டி, தம் மனதுக்கு மாறாக அந்த யோசனையையே மேடையில் எதிர்த்தார். ரகசியம் காக்க வேண்டியவர் மௌனமாக இருக்கலாம், அல்லது இதைப் பற்றிப் பேச முடியாது என்று சொல்லலாம். நம்பாத ஒன்றை நம்புவதாகப் பேசுவது அந்த உரிமையைத் தாண்டிய செயல்.

கேள்வி: கொள்கையை நன்றாக அறிந்திருந்தும் விளக்கத் தெரியாமல் தோற்றவர் யாராவது உண்டா?

பதில்: அமெரிக்க அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டை எண்ணி நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். 1976 அக்டோபர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜிம்மி கார்ட்டருடன் நடந்த விவாதத்தில், நியூயார்க் டைம்ஸ் இதழின் மேக்ஸ் ஃபிராங்கல் ஹெல்சின்கி உடன்பாட்டைப் பற்றிக் கேட்டார். ஐரோப்பிய எல்லைகளையும் மனித உரிமைகளையும் பற்றி 1975இல் 35 நாடுகள் கையெழுத்திட்ட அந்த உடன்பாட்டில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் ஃபோர்டுதான். அது கிழக்கு ஐரோப்பாவைச் சோவியத்துக்குத் தாரைவார்த்தது என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக இருந்தது. அதை மறுக்கப் புகுந்த ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை, தம் ஆட்சியில் ஒருபோதும் இருக்கவும் செய்யாது என்று சொல்லிவிட்டார். ஃபிராங்கல் நம்ப முடியாமல், தாம் கேட்டது சரிதானா என்ற தொனியில் துணைக் கேள்வி கேட்டார். திருத்திக்கொள்ளக் கிடைத்த அந்த வாய்ப்பில், யூகோஸ்லாவியர்களும் ருமேனியர்களும் போலந்து மக்களும் தங்களை ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்களாகக் கருதவில்லை என்று சொல்லி ஃபோர்டு நிலைமையை மேலும் மோசமாக்கினார். அந்த ஆதிக்கத்தை அமெரிக்கா ஏற்கவில்லை என்பதே அவர் சொல்ல வந்தது. பிழையை ஒப்புக்கொள்ள அவருக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுவதும் செய்திகளில் வேறு எதுவும் இல்லை. நவம்பரில் மிகக் குறுகிய வித்தியாசத்தில் தோற்றார்.

அவரிடம் நல்ல பதில் இல்லாமல் இல்லை. ஹெல்சின்கி உடன்பாட்டில் மனித உரிமைகளைக் காப்பதாகச் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்டிருந்தது. அந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு, விவாதத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 1976 மே மாதத்தில், மாஸ்கோவிலேயே ஒரு கண்காணிப்புக் குழு தொடங்கப்பட்டிருந்தது. 1977 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் எதிர்ப்பாளர்களும் அதே உடன்பாட்டை மேற்கோள் காட்டித் தங்கள் சாசனத்தை வெளியிட்டார்கள். ஃபோர்டு அந்த இரவில் மாஸ்கோ குழுவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், ஃபிராங்கலின் துணைக் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.